தோட்டத்து மக்களும் இனிப்பு நீரும்: நம்மவர்க்கு ஏற்ற நலவழிகாட்டல் – ஒரு பார்வை

கலும்பாங், சிலாங்கூர் மாநிலத்தின் வடகோடியில் பழைய கூட்டரசுச் சாலையோரம் அமைந்த சிற்றூர். பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம். பேராக் மாநிலம் தொடங்கிவிடும். சுற்றிலும் முன்பு பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. என் பெரியம்மா இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மரம் சீவியவர். அவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்த பிறகு ஒரு நாள் மருத்துவச் சோதனைக்கு நான்தான் உடன் சென்றேன்.

அங்கே உணவு ஆலோசனை தந்தவர் இளம்பெண். அன்பாகத்தான் பேசினார். மலாய் மொழியில் ஒரு துண்டறிக்கையைக் கையில் கொடுத்து, காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் முழுக்கோதுமை ரொட்டியும் காய்கறிச் சாலாட்டும், இரவில் வாட்டிய மீன் என்று விளக்கினார். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மிஸ்ஸி, சரிங்க மிஸ்ஸி" என்று தலையாட்டினார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே வந்ததும் எதிரிலிருந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் சொன்னார்.

"எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு இப்ப இத குடிக்கிறீங்களே பெரியம்மா?" என்றேன்.

"அந்தப் புள்ள நல்ல புள்ளயா. அது மனசு கோணக்கூடாதுன்னு ஆட்டினேன். அது சொன்னதுல நான் சாப்புடுற சாப்பாடு ஒண்ணுகூட இல்லையே" என்றார்.

அந்த ஒரு வரிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். கேட்டவரும் மரியாதையோடுதான் கேட்டார். ஆனால் ஒருவர் பேசியது மற்றவரின் அடுப்படிக்குள் நுழையவே இல்லை. இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியையே மேலைநாடுகளில் பண்பாட்டுக்கேற்ற நலவழிகாட்டல் என்று அழைக்கிறார்கள். தெற்காசியர்களிடையே, குறிப்பாகத் தமிழர்களிடையே, இத்துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் முக்கியமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றை நம் தோட்டப்புறச் சூழலோடு பொருத்திப் பார்ப்பதே என் நோக்கம்.

நமக்கு ஏன் தனிக் கவனம்?

2019ஆம் ஆண்டில் நாடு தழுவிய நிலையில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டளவிலான அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்திருப்பது சற்று ஆறுதல் தரலாம். ஆயினும் ஒவ்வோர் ஆய்விலும் இந்தியர்கள் முன்னணியில் நிற்பது மாறவில்லை. நாம் முன்னணியில் நிற்கும் துறைகள் மிகக் குறைவு. அதில் இதுவும் ஒன்றாகிவிட்டது. இந்நாட்டில் புதிதாக டயலிசிஸ் செய்துகொள்ளத் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அடிப்படைக் காரணம் நீரிழிவுதான்.

உடலமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஞ்ஞிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஞ்ஞிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தெற்காசியர்களின் உடல்வாகை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. தசை குறைவாகவும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதால் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. இதனால்தான் ஆசியர்களுக்கு எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அதே 2004இல் பரிந்துரைத்தது. ஐரோப்பியருக்கு அந்த எல்லை 25. இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். "நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி இனிப்பு நீர் வரும்?" என்று கேட்கும் உறவினர்களுக்கு எடைத் தராசைக் காட்டிப் பயனில்லை. ஒரு தையல் டேப்பு போதும்.

ஆனால் உடல்வாகு மட்டுமே காரணமென்று விட்டுவிட முடியாது. தோட்ட வாழ்க்கையின் மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரியம்மாவின் இளமைக்காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து ஐந்நூறு அறுநூறு மரங்களைச் சீவி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் சுமந்து ஸ்டோரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு மூன்று தட்டுச் சோறும் போதாது. சீனி நிறையப் போட்ட கோப்பிதான் மலிவான எரிபொருள். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. (நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே நம் பக்கத்துக் கோலசிலாங்கூரில்தான், 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது.) செம்பனையில் பெண்களுக்கு வேலை குறைந்தது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. பிள்ளைகள் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். உழைப்பு உடலை விட்டுப் போய்விட்டது. அந்த உழைப்புக்கென்று ஏற்பட்ட சாப்பாடு மட்டும் தட்டிலேயே தங்கிவிட்டது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே தோட்டங்களில் நம்மவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது மலேரியா. 1901இல் கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி அந்நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். வடிகால் வெட்ட யாருடைய மனத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஆளும் மண்வெட்டியும் போதும். இனிப்பு நீர் அப்படிப்பட்ட நோயன்று. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும், சமைப்பவரும் உண்பவரும் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளில்தான் அது கூடுவதும் குறைவதும்.

சென்னை கற்றுத்தந்த பாடம்

வாழ்க்கைமுறையை மாற்றினால் நீரிழிவைத் தடுக்கலாம் என்பதை 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு உறுதிப்படுத்தியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அந்த ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றப் பிரிவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி நியமிக்கப்பட்டார்; அப்பிரிவில் நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. விளையாட்டுக் குழுவுக்குப் பயிற்றுநர் இருப்பதுபோல் உடல்நலத்துக்கும் ஒரு பயிற்றுநர் என்பதே அதன் எண்ணம். ஆனால் அங்கே பெருமளவு எடைக் குறைப்பே இலக்கு. நம்மைப்போல் ஏற்கெனவே மெலிந்த உடல்வாகு கொண்டவர்களுக்கு அது பொருந்துமா?

இதற்கான விடை சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். மற்றவர்களுக்கு வாழ்க்கைமுறை வழிகாட்டல், மெட்பார்மின் மாத்திரை, அல்லது இரண்டும். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. வழிகாட்டல் பெற்ற பிரிவில் அது 39.3 விழுக்காடு. அதாவது வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைவு. இதில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. நடையும் உணவு மாற்றமும் மட்டுமே இந்தப் பலனைத் தந்தன. இரண்டாவது, அறிவுரை மிக எளிமையானது: சீனியைத் தவிர், தீட்டிய அரிசியையும் எண்ணெயையும் குறை, நார்ச்சத்தைக் கூட்டு, நாளுக்கு அரைமணி நேரம் நட. ஏற்கெனவே வேலைக்கு நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களிடம் அதையே விடாமல் தொடரச் சொன்னார்கள். இருப்பதைப் பாராட்டி அதன்மேல் கட்டுவது! எங்கள் ஊரில் யாரும் பெரியம்மாவிடம் "நீங்கள் கோயிலுக்கு நடந்து போவது நல்லது, விட்டுவிடாதீர்கள்" என்று சொன்னதில்லை.

அதே குழு 2013இல் இன்னொரு முடிவை வெளியிட்டது. 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வாரத்தில் சில முறை கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அவ்வளவுதான். இரண்டாண்டு முடிவில், செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. வியப்பான பலன்தான். ஆனால் பங்கேற்ற அனைவரும் வேலைக்குப் போகும் ஆண்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. பெரியம்மாவுக்குச் சொந்தக் கைப்பேசி கிடையாது. பேரன் கொண்டுவந்து கொடுத்தால் பேசுவார். குறுஞ்செய்தி எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்பதும் பண்பாட்டைச் சேர்ந்த கேள்வியே.

மூன்றாவது, மருத்துவர் வ. மோகன் குழுவினர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு இணைந்து சென்னையில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யாமல், நம்மூர் உணவு, நம்மூர்க் குடும்ப வழக்கம் ஆகியவற்றுக்கேற்ப மாற்றி, வாரந்தோறும் வகுப்பாக நடத்தினார்கள். 578 பேர் பங்கேற்ற இதில் நோய் வரும் வாய்ப்பு 32 விழுக்காடு குறைந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வழிகாட்டல் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினருக்கு இடையில் மெட்பார்மினும் தேவைப்பட்டது. மாத்திரை என்பது தோல்வியின் அடையாளமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? "மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்ற நம்பிக்கை நம் தோட்டங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வராத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். மாத்திரையைத் தொடங்கியபோது கிட்னி ஏற்கெனவே பாதிப்படைந்திருந்ததால் பழி மாத்திரைமேல் விழுந்துவிட்டது. மூலிகைதான் நல்லது என்று வாதிடுவோரிடம் நான் ஒன்று சொல்வதுண்டு: மெட்பார்மினின் மூதாதையே ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய ஒரு மூலிகைச் செடிதான்.

எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை. கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து 1007 பேரைச் சேர்த்து, அக்கம்பக்கத்தாரே வழிநடத்தும் குழுக்கள் அமைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. நோய் வந்தவர்கள் 14.9 விழுக்காடு, வழிகாட்டல் பெறாதவர்களில் 17.1. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் நேர்மையாக எழுதினார்கள். ஆயினும் புகையும் மதுவும் குறைந்தன, காய்கறி பழம் கூடின. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அமைத்துவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்ற கனவுக்கு இது நல்ல கடிவாளம்.

சமைப்பவர் யார்?

ஸ்காட்லாந்தில் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் 171 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், உணவு வல்லுநர்கள் வீட்டுக்கே சென்றார்கள். மூன்றாண்டுகளில் பதினைந்து முறை. நோய் வாய்ப்புள்ளவரோடு அந்த வீட்டில் சமைப்பவரையும் சேர்த்துக்கொண்டார்கள். எடையில் ஏறக்குறைய 1.6 கிலோதான் வேறுபாடு. பெரிய சாதனையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அணுகுமுறையை நம் தோட்டங்களுக்கு அவசியமாகக் கருதுகிறேன்.

ஏனெனில் பெரியம்மாவே சமைப்பவர். ஆனால் தனக்காகச் சமைப்பவரல்லர். மகனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலும் பேரனுக்குப் பிடித்த பொரித்த மீனும் செய்துவிட்டு, எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சிய சோற்றை "வீணாகப் போகுதே" என்று தான் போட்டுக்கொள்வார். அவர் தட்டில் விழும் அந்தக் கூடுதல் சோறு பசியால் வந்ததன்று. அதற்கு ஓட்ஸ் மருந்தாகாது. உலை வைக்கும்போதே ஒரு சுண்டு அரிசி குறைத்துப் போடுவதுதான் வழி. அதற்கு மகனும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் சுகாதார அமைச்சு அறிமுகப்படுத்திய 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டை நீங்கள் கிளினிக் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். கால்பங்கு சோறு, கால்பங்கு மீன் அல்லது கோழி, அரைப்பங்கு காய்கறியும் பழமும். நல்ல திட்டம். ஆனால் அந்தப் படத்தைவிட வாழையிலை நமக்கு இன்னும் எளிதாக விளங்கும். இலையின் நடு நரம்புக்கு மேற்பாதி கூட்டு, பொரியல், அவியல், கீரைக்கு, கீழ்ப்பாதி சோற்றுக்கு. நம் முன்னோர் அந்த அரைப்பங்கை ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டார்கள். நாம்தான் மேற்பாதியில் ஊறுகாய் அளவுக்குக் காய்கறியைத் தொட்டு வைத்துவிட்டு, கீழ்ப்பாதியில் குன்றுபோல் சோற்றைக் குவித்து, மறுசோறும் வாங்குகிறோம். மேற்பாதியை நிரப்பு, கீழ்ப்பாதியில் பாதி சோறு, மீதியில் மீனோ பருப்போ என்றால் பெரியம்மாவுக்கு ஒரே தடவையில் புரிந்தது. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து என்று நான் சொன்னபோது புரியவில்லை. அகப்பைக் கணக்கில் சொன்னபோது புரிந்தது.

பானங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் தேத்தண்ணியில் ஊற்றும் டின் பால் பெரும்பாலும் உண்மையான பாலே அன்று. செம்பனை எண்ணெயும் பால்பொடியும் சீனியும் கலந்த இனிப்புக் கிரீமர். அதன் எடையில் ஏறத்தாழ பாதி சீனி. ஒரு நாளைக்கு நான்கு முறை குடிப்பவருக்கு, சோற்றைக் குறைப்பதைவிட இதைக் குறைப்பது எளிது. ஒரேயடியாக 'தே ஓ கோசோங்'குக்குத் தாவச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். முதல் மாதம் 'கூராங் மானிஸ்', பிறகு இனிப்பில்லாப் பால் ஊற்றிய 'தே சி கோசோங்' என்று படியிறங்கலாம். 2019இல் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. ஆனால் அது போத்தலிலும் டின்னிலும் வருவனவற்றுக்குத்தான். ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேத்தண்ணிக்கு வரியில்லை. அங்கே நாம்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

சொற்கள் செய்யும் வேலை

தமிழ் மாணவர்களாகிய நமக்கு இந்தப் பகுதி நெருக்கமானது. 'இனிப்பு நீர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'கென்சிங் மானிஸ்' என்பதன் நேர்வடிவம்போல நம் நாட்டில் வழங்குகிறது. இச்சொல் கேட்பவரிடம் ஒரு கருத்தை விதைத்துவிடுகிறது: இனிப்பு தின்றால் வரும், தின்னாவிட்டால் போய்விடும். ஆகவே கோப்பியில் சீனியை நிறுத்திவிட்டு மூன்று தட்டுச் சோறு சாப்பிடுபவர், தாம் கட்டுப்பாட்டோடு இருப்பதாகவே நம்புகிறார். இதன் மறுபக்கம்தான் பாகற்காய். கசப்பு உள்ளே போனால் இனிப்பு வெளியேறிவிடும் என்ற கணக்கு. பாகற்காய் நல்ல காய்தான், உண்ணலாம். ஆனால் அது மாத்திரையின் இடத்தைப் பிடிக்கக்கூடாது.

'பத்தியம்' என்ற சொல்லும் அப்படித்தான். நம் வழக்கில் பத்தியத்துக்கு ஒரு முடிவு உண்டு. மருந்து முடிந்தால் பத்தியமும் முடிந்தது. எனவே இரத்தச் சோதனைக்கு மூன்று நாள் முன்னதாகப் பத்தியம் தொடங்கி, சோதனை முடிந்த அன்று மதியம் கோழிப் பிரட்டலோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் எச்பிஏ1சி எனப்படும் சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிக்கொடுத்துவிடும். இதை மிரட்டலாகச் சொல்லாமல், "இது மூணு மாசக் கணக்குப் புத்தகம், கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கமாட்டாங்க" என்றால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள். தோட்டத்தில் கிராணியின் கணக்குப் புத்தகத்தை அறியாதவர் யார்?

நலவழிகாட்டலின் மையமே, சொல்வதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுவது. அமெரிக்க உளவியலாளர் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கி, பிறகு ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த உரையாடல் முறை இதற்கு அடிப்படை. அதில் ஒரு கேள்வி உண்டு: "பத்துக்கு எத்தனை அளவு உங்களுக்கு நம்பிக்கை?" பெரியம்மாவிடம் பத்து என்ற அளவுகோல் எடுபடவில்லை. அதனால் மாற்றிக் கேட்டேன்.

"ராத்திரிச் சோத்துல ஓர் அகப்பை குறைக்க முடியும்னு ஒரு வெள்ளிக்கு எத்தனை காசு நம்பிக்கை பெரியம்மா?"

யோசித்தார். "அறுவது காசு" என்றார்.

"ஏன் முப்பது காசுன்னு சொல்லல?"

இந்த இரண்டாவது கேள்வியில்தான் நுட்பம் இருக்கிறது. ஏன் நூறு காசு இல்லை என்று கேட்டால் தடைகளை அடுக்குவார். ஏன் முப்பது இல்லை என்று கேட்டதால், தம் காரணங்களைத் தாமே சொல்லத் தொடங்கினார். ராத்திரி வயிறு பாரமாக இருப்பது, தூக்கம் வராதது, பக்கத்து வீட்டு அக்காள் டயலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை வேன் ஏறிப் போவதைப் பார்ப்பது. நான் ஒன்றுமே சொல்லவில்லை.

விரதமும் வெறுங்காலும்

வெள்ளிக்கிழமைச் சைவம், புரட்டாசிச் சனி, கந்தசஷ்டி விரதம் ஆகியவற்றை மருத்துவர்கள் பெரும்பாலும் தொல்லையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அவை வாய்ப்பாகத் தோன்றுகின்றன. கட்டுப்பாட்டுடன் உண்பது நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்கு அவையே சான்று. ஆனால் முழு விரதம் இருப்போர், இன்சுலின் போட்டுக்கொள்பவராகவோ கிளிக்கிளசைடு போன்ற மாத்திரை எடுப்பவராகவோ இருந்தால், சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்வது கட்டாயம். மெட்பார்மின் மட்டும் எடுப்போர்க்கு அந்த ஆபத்து குறைவு.

கால்கள் விஷயம் வேறு. நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போகும். பெரியம்மாவுக்கு நோய் தெரிந்து சில ஆண்டுகள் கழித்து, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நண்பகல் தார்ச்சாலையில் ரதத்தின் பின்னால் வெறுங்காலோடு நடந்தார். எல்லா ஆண்டும் நடப்பதுதான். கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் வீச்சம் அடித்தபோதுதான் என் அக்காள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதுவரை அவரைப் பார்த்த எவரும் திருவிழாவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

நடக்காதே என்றால் கேட்கமாட்டார். அது அம்மனுக்குச் செய்த நேர்த்திக்கடன். ஆனால் அந்தக் கடனுக்குள்ளேயே வழிகள் இருக்கின்றன. தரை சுடுவதற்கு முன் விடியற்காலையில் பால்குடம் எடுக்கலாம். கோயில் வாசல்வரை மெத்தென்ற மூடிய சப்பாத்து போட்டுக்கொண்டு, உள்ளே மட்டும் கழற்றலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறவர் நடையை முடித்ததும் பாதத்தை வீட்டில் வேறொருவர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்தவர்கள் தீமிதியை அறவே தவிர்த்தாக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. இவற்றை வெள்ளைச் சட்டை போட்ட மருத்துவர் சொல்வதைவிடக் கோயில் பூசாரி சொன்னால் பத்து மடங்கு பலன். சொல்லவும் செய்வார்கள். கேட்டால் போதும்.

நாம் செய்யக்கூடியது

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் தோட்டங்களுக்குப் போவதில் குறை வைத்ததில்லை. நானும் போயிருக்கிறேன். நாங்கள் நடத்திய நல முகாமில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம்; ஒரு சொற்பொழிவு; நற்சான்றிதழ்; குழுப்படம். உயர்ந்த அளவு காட்டியவர்களின் பெயரைக்கூட நாங்கள் குறித்துக்கொள்ளவில்லை. சென்னை ஆய்வில் பலன் தந்தது முதல் நாள் அறிவுரையன்று. அதன்பின் தொடர்ந்து வந்த தொலைபேசி அழைப்புகளும் சந்திப்புகளும்தான். ஆளுக்கு இரண்டு குடும்பம் என்று எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை பத்து நிமிடம் தமிழில் பேசி, "போன மாசம் சொன்னது எப்படிப் போச்சு?" என்று கேட்க ஒரு மாணவருக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. மருந்தளவு பற்றி வாய்திறக்கக்கூடாது என்ற ஒழுங்கு மட்டும் தேவை. அரசாங்கம் 2013இல் தொடங்கிய கொஸ்பென் திட்டமும் இப்படித் தன்னார்வலர்களை நம்பியதே. அதில் தமிழ் பேசும் குரல்கள் கூடினால் நல்லது. விருந்தோம்பல் நேரத்தில் என்ன சொல்வது என்பதைக்கூட ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனம் நோகும். "பாதி போடுமா, மீதிய கட்டிக்கொடு, மகனுக்குக் கொண்டுபோறேன்" என்றால் இருவர் முகமும் மலரும். (மகன் பாடு வேறு!)

சென்ற மாதம் கலும்பாங்குக்குப் போயிருந்தேன். பெரியம்மா மூடிய சப்பாத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பசியாற ரெண்டு தோசை, கூடவே ஒரு கிண்ணம் நிறையக் கீரை. அதே ஒட்டுக்கடைக்கு நடந்தே போனோம். அவர் மெதுவாகத்தான் நடக்க முடியும். "தே சி கோசோங்" என்று அவராகவே சொன்னார்.

"இப்ப எத்தனை காசு பெரியம்மா?" என்றேன்.

"எழுவது" என்றவர், கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "தீவாளி வந்தா அம்பது."